கேபிள் ரசீதுக்கு ஒரு துபாஷி

கேபிள் டிவி தொழிலில் தினமும் புழங்கும் சொற்களில் இரண்டு பிரெஞ்சுச் சொற்கள் இருக்கின்றன. ஒன்று பொக்கே, மற்றது அலகார்ட். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். என் காதுக்கு அவை பூக்கே, அ லா கார்த் என்றுதான் விழும். இந்தக் கோவளத்தை 1752ல் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். போனவர்கள் போனவர்கள்தான். ஆனால் அவர்களுடைய இரண்டு சொற்கள் மட்டும் எப்படியோ சுற்றி வளைத்து, மாதாமாதம் பணம் வசூலிக்க வரும் கேபிள்காரத் தம்பியின் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சிறு வயதில் படித்த சொற்களைக் கேட்டு சந்தோஷப்படலாம்தான். அவற்றுக்காக நாம் கட்டும் பணத்தைக் கூட்டிப் பார்த்தால் அந்த சந்தோஷம் நிற்பதில்லை.

என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அம்மா இருக்கிறார். மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். இப்போது முதியோர் உதவித்தொகை வாங்குகிறார், மாதம் 1,200 ரூபாய். 2023ல்தான் அது ஆயிரத்திலிருந்து இவ்வளவுக்கு உயர்ந்தது. அதில் கேபிளுக்கு 250 ரூபாய் கட்டுகிறார். ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அவர் பார்ப்பது மாலையில் இரண்டு சீரியல், காலையில் பக்திப் பாட்டு.

"எத்தனை சேனல்மா வருது?" என்று கேட்டேன்.

"முன்னூறோ என்னமோ சொன்னாங்க சார். நமக்கு எதுக்கு அவ்ளோ? வேணாம்னு சொன்னா லைனையே கட் பண்ணிடுவாங்களோன்னு பயம். எல்லாரும் கட்டுறாங்க, நானும் கட்டுறேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு 2019லிருந்தே இருக்கிறது. எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. ரசீதில் இருக்கும் சொல் புரியாத வரைக்கும், சேனலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்மைப் போன்றவர்களுக்குக் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். இதுதான் என் கருத்து. அதை வெறுமனே சொல்லிவிட்டுப் போகாமல், அந்தச் சொற்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

ஆரம்பத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்த காலத்தில் கேபிள் என்றால் ஒரு கம்பி, ஒரு தொகை, அவ்வளவுதான். சட்டம் 1995ல் வந்தது. 2003 செப்டம்பரில் சென்னை மாநகரில் 'காஸ்' என்ற முறை வந்தபோதுதான் செட் டாப் பாக்ஸ் என்ற சொல்லை நம் ஊர்க்காரர்கள் பரவலாகக் கேட்டார்கள். பெட்டி இல்லாதவர்களுக்கு இலவச சேனல்கள் மட்டும் 72 ரூபாயும் வரியும். 2011ல் அரசு கேபிள் நிறுவனம் மறுபடி உயிர் பெற்று மாதம் 70 ரூபாய் என்றது. 70 ரூபாய் எல்லோருக்கும் புரிந்த கணக்கு. பெட்டிக்கடைக்காரருக்கும் புரிந்தது, பேராசிரியருக்கும் புரிந்தது.

பிறகு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 2017ல் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வழக்குகளெல்லாம் முடிந்து 2019 பிப்ரவரியில் அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நோக்கம் நல்ல நோக்கம்: பார்ப்பதற்கு மட்டும் பணம் கொடு, பார்க்காததற்குக் கொடுக்காதே. ஆனால் அந்த நல்ல நோக்கத்தோடு அரை டஜன் சொற்களும் சேர்ந்து வந்தன.

முதல் சொல் என்.சி.எஃப். விரித்தால் நெட்வொர்க் கெபாசிட்டி ஃபீ. இதை வலையமைப்புக் கொள்திறன் கட்டணம் என்று தமிழ்ப்படுத்தலாம். ஆங்கிலத்தில் புரியாதது இப்போது தமிழிலும் புரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். பொருள் மிக எளியது. கம்பி வாடகை. நீங்கள் டிவியைப் போட்டாலும் போடாவிட்டாலும், உங்கள் வீட்டுக்குக் கம்பி வந்திருப்பதற்கான வாடகை. முதலில் 100 சேனல் வரை அதிகபட்சம் 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு என்று வைத்தார்கள். 2020 மார்ச்சிலிருந்து அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்றார்கள். 2024 ஜூலையில் இந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். இப்போது எவ்வளவு என்பதை நிறுவனம் முடிவு செய்து, அறிவித்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆகவே உங்கள் இணைப்பில் இந்த வாடகை மட்டும் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது முன்னைவிட இப்போது அவசியம்.

இரண்டாவது எஃப்.டி.ஏ. ஃப்ரீ டு ஏர், கட்டணமில்லா சேனல். இந்த 'ஃப்ரீ' என்ற சொல்தான் நம் ஆட்களை அதிகம் குழப்புகிறது. "ஃப்ரீ சேனல் மட்டும் போதும்னு சொன்னேன், அப்புறம் ஏன் 150 ரூபாய் கேக்குறான்?" என்று ஒரு நண்பர் கோபப்பட்டார். சேனல் நடத்துபவர் உங்களிடம் பணம் கேட்கவில்லை என்பதுதான் அந்த ஃப்ரீக்குப் பொருள். அதைக் கொண்டுவரும் கம்பிக்கு வாடகை உண்டு. தண்ணீர் இலவசம், லாரி வாடகை தனி என்பது போல. மாத வாடகையே வேண்டாம் என்பவர்களுக்கு தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. தட்டையும் பெட்டியையும் ஒரு முறை வாங்கி மாட்டிவிட்டால் மாதக் கட்டணம் கிடையாது. 2004 டிசம்பரிலிருந்து இருக்கிறது. நமக்கு வேண்டிய கட்டணத் தமிழ் சேனல்கள் அதில் வராது என்பது வேறு விஷயம்.

மூன்றாவது பே சேனல். இதற்கு விளக்கம் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் மாத விலை உண்டு, அது திரையிலேயே பட்டியலில் தெரிய வேண்டும்.

இப்போது என் பிரெஞ்சுச் சொற்களுக்கு வருகிறேன். பிரெஞ்சு உணவகத்தில் 'கார்த்' என்பது ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் தனித்தனி விலை போட்ட பட்டியல். அ லா கார்த் என்றால் அந்தப் பட்டியலிலிருந்து வேண்டியதை மட்டும் கேட்டுச் சாப்பிடுவது. நம் ஓட்டலில் இரண்டு இட்லி ஒரு வடை என்று சொல்வது அலகார்ட். சாப்பாடு டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் கூட்டு, பொரியல், அப்பளம், பாயசம் எல்லாம் இலையில் விழும், நீங்கள் பாயசம் தொடாதவராக இருந்தாலும் சரி. அதுதான் பொக்கே. பூச்செண்டு என்று நாம் அறிந்த இந்தச் சொல்லுக்குப் பழைய பிரெஞ்சில் சிறு மரத்தோப்பு என்று பொருள். இரண்டு கொய்யா கேட்டவனைத் தோப்பையே குத்தகை எடுக்கச் சொல்வது என்று நான் விளக்குவதுண்டு.

தோப்பு மலிவாகக் கிடைத்தால் எடுப்பதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். ஒரு குழுமத்தில் பத்து சேனல், ஒவ்வொன்றும் 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக வாங்கினால் 120. பொக்கேயாக வாங்கினால் 45 சதவீதம் தள்ளுபடி, 66 ரூபாய். ஆறு சேனல் வேண்டும் என்பவருக்குத் தனியாக 72 ஆகிறது, எனவே பத்தையும் எடுப்பதே லாபம். ஆனால் நான்கு போதும் என்பவருக்கு 48தான். அவரும் பொக்கே எடுத்தால் மாதம் 18 ரூபாய் வீண், வரி தனி. இரண்டு சேனல் பார்க்கும் அந்த அம்மாவுக்கு 24 ரூபாய் வேலை.

இந்தத் தள்ளுபடி எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஒரு வழக்கே நடந்தது, அதுவும் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில். தள்ளுபடி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று டிராய் 2017 ஏற்பாட்டில் வைத்திருந்தது. தாண்டினால் தனி விலை என்பதே பேச்சுக்கு ஆகிவிடும் என்பது அதன் வாதம். ஸ்டார் இந்தியாவும் விஜய் டிவியும் வழக்குப் போட்டன. மற்ற விதிகள் நின்றன, இந்த 15 சதவீத வரம்பு மட்டும் விழுந்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அந்த ஏற்பாட்டை உறுதி செய்தது. 2022 நவம்பர் திருத்தத்தில் வரம்பு மறுபடி வந்தது, 45 சதவீதமாக. 15 எங்கே, 45 எங்கே? தனித்தனியாக வாங்குபவர் தலையில் அந்த வித்தியாசம் விழுகிறது. பெரிய வழக்கறிஞர்கள் வருடக்கணக்கில் வாதாடிய ஒரு சொல்லை, அதற்குப் பணம் கட்டுகிற அந்த அம்மாவுக்கு யாரும் ஒரு நிமிடம் உட்கார்ந்து சொல்லவில்லை.

கேபிள்காரரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தொழிலில் மூன்று அடுக்கு. மேலே ஒளிபரப்பு நிறுவனம், சேனல் நடத்துபவர். நடுவே எம்.எஸ்.ஓ., பல சேனல்களையும் பிடித்து ஓரிடத்தில் சேர்த்து ஊர் ஊராக அனுப்புபவர். கீழே எல்.சி.ஓ., நம் தெருவில் ஏணி தூக்கி வரும் உள்ளூர் ஆபரேட்டர். தனி ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் கம்பி வாடகையில் நூற்றுக்கு 55 எம்.எஸ்.ஓ.வுக்கு, 45 உள்ளூர்க்காரருக்கு என்பது விதி. கட்டண சேனலின் விலையில் பெரும்பகுதி ஒளிபரப்பு நிறுவனத்துக்குப் போய்விடும். ஆக, மழையில் நனைந்து கம்பி இழுப்பவருக்கு வருவது கொஞ்சம்தான். ஆனால் நமக்கும் மேலே இருப்பவர்களுக்கும் நடுவே இரு பாஷையும் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். பழைய புதுச்சேரியில் அப்படிப்பட்டவரைத் துபாஷி என்பார்கள். டைரி எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை துப்ளெக்ஸுக்குத் துபாஷியாக இருந்தவர். துபாஷி நல்லவராக இருந்தால் சரி. ஆனால் துபாஷியை மட்டுமே நம்பி ஒரு ஊர் வாழக் கூடாது.

நான் குமாஸ்தாவாக இருந்தபோது பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு வயதானவர்கள் என் மேசைக்கு வருவார்கள். "எங்கப்பா கையெழுத்துப் போட்ட பத்திரம், உள்ளே என்ன இருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்பார்கள். பிரெஞ்சு தெரியாத தகப்பன் பிரெஞ்சுப் பத்திரத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டிருப்பார். சில பத்திரங்களில் அவர் நினைத்ததும் எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்கும். சிலவற்றில் இருக்காது. மகன் முகத்தைப் பார்த்து அதைப் படித்துச் சொல்வது லேசான வேலையில்லை. அந்த மேசையில் உட்கார்ந்த பழக்கத்தால்தான், புரியாத சொல் உள்ள எந்தக் காகிதத்தைக் கண்டாலும் எனக்கு நெருடுகிறது, அது 250 ரூபாய் ரசீதாக இருந்தாலும்.

பெட்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். செட் டாப் பாக்ஸ் உங்களுடையதா அவர்களுடையதா என்பது முக்கியம். விலைக்கு வாங்கியதா, வாடகைக்கு வந்ததா, முன்பணம் கொடுத்தீர்களா, அது திரும்பி வருமா? பல வீடுகளில் "ஆக்டிவேஷன்" என்ற ஒரே சொல்லில் இத்தனையும் மூடிக் கிடக்கிறது. விலைக்கே வாங்கியிருந்தாலும் வேறு நிறுவனத்துக்கு மாறினால் அந்தப் பெட்டி உதவாது. எந்தப் பெட்டியும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று 2020ல் டிராய் பரிந்துரை செய்தது. பரிந்துரை வேறு, ஆணை வேறு என்பது அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி பிராட்பேண்ட். பிள்ளைகள் சிறுசேரியிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். வீடியோவில் பேரன் முகம் பார்க்க நமக்கும் இது வேண்டியதாகிவிட்டது. அகன்ற அலைவரிசை என்று தமிழில் எழுதுகிறார்கள், அதை வைத்து யாருக்கும் எதுவும் விளங்காது. பிரெஞ்சில் இதற்கு 'ஓ தெபி' என்பார்கள். தெபி என்பது ஆற்றிலோ குழாயிலோ விநாடிக்கு எவ்வளவு ஓடுகிறது என்ற அளவு. ஓ என்றால் உயர்ந்த. மதகைத் திறந்தால் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். பாய்ச்சல் அளவு, அவ்வளவுதான்.

அந்த அளவுதான் எம்.பி.பி.எஸ். டாக்டர் படிப்பில்லை, விநாடிக்கு இத்தனை மெகாபிட். பிட் வேறு, பைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். போனில் படத்தின் அளவை மெகாபைட்டில் காட்டுவார்கள், திட்டத்தின் வேகத்தை மெகாபிட்டில் விற்பார்கள். 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் விநாடிக்கு வருவது அதிகபட்சம் பன்னிரண்டரை மெகாபைட். வேகம் குறைவு என்று சண்டை போடப் போகுமுன் எட்டால் வகுத்துப் பாருங்கள். 2004ல் பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 256 கிலோபிட் என்று அரசு வரையறுத்தது, 2023ல் அது 2 மெகாபிட் ஆனது. ஒரு டிவியில் முழு எச்டி படம் பார்க்க 5 மெகாபிட் இருந்தால் தாராளம். கணவன் மனைவி இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் 300 எம்.பி.பி.எஸ். எதற்கு? ஒற்றை மாட்டு வண்டி போக எட்டு வழிச் சாலை போட்ட கதை. சிறிய திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். தானாகச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது 'வரை'. 100 எம்.பி.பி.எஸ். வரை என்று விளம்பரம் சொன்னால், அது உச்சம். அதற்குக் கீழே எது வந்தாலும் விளம்பரம் பொய்யாகாது. ஜவுளிக்கடையில் 50 சதவீதம் வரை தள்ளுபடி என்று போடும் அதே 'வரை'தான்.

பிறகு அன்லிமிடெட். இதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் எஃப்.யு.பி. என்று இருக்கும். நியாயமான பயன்பாட்டுக் கொள்கை என்று பொருள். இத்தனை ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். இப்போது பல திட்டங்களில் இது மாதம் 3,300 ஜிபி. தினமும் ஐந்து மணி நேரம் எச்டி படம் பார்த்தாலும் நாம் அதன் பக்கத்தில்கூடப் போக மாட்டோம், கவலை வேண்டாம். மலிவுத் திட்டங்களில் அளவு குறைவு. அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: அளவு தாண்டிய பிறகு என்ன வேகம்? அன்லிமிடெட் மீல்ஸிலும் அப்பளம் ஒன்றுதான் வைப்பார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

கடைசியாக ஒரு சொல், இது உங்கள் அலைச்சலைக் குறைக்கும். இணையம் நின்றால் எல்லோரும் "வைஃபை வேலை செய்யலை" என்கிறோம். வைஃபை என்பது நம் வீட்டுப் பெட்டியிலிருந்து நம் போனுக்கு வரும் பத்தடி தூரம் மட்டும். தெருவிலிருந்து பெட்டிக்கு வருவது கண்ணாடி இழை. பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை, பெரும்பாலும் இழை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்த மறுநாள், எங்கள் தெருவில் பாதிப் பேர் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "எல்.ஓ.எஸ். சிவப்பு எரியுது" என்று போனில் சொன்னால் ஆபரேட்டர் மறு பேச்சில்லாமல் ஆள் அனுப்புகிறார். சரியான சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

இதையெல்லாம் தூய தமிழில் மாற்று என்று நான் கொடி பிடிக்கவில்லை. அரசு வெளியிட்ட ஆட்சிச்சொல் அகராதியோடு வாழ்ந்தவன் நான். நல்ல சொல்லாக இருந்தும் யாரும் தொடாமல் கிடந்தவை அதில் எத்தனையோ. சேனல், பில், ரீசார்ஜ் எல்லாம் இருக்கட்டும், அவை புரிகின்றன. பணத்தை மறைக்கும் சொல்தான் மாற வேண்டும். ரேஷன் கடைப் பலகையில் அரிசி, சர்க்கரை, பருப்பு என்று தமிழில் எழுதி விலையும் இருப்பும் போடுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் அது விளங்குகிறது. கேபிள் ரசீதில் நாலே வரி போதும்: கம்பி வாடகை இவ்வளவு, சேனல் விலை இவ்வளவு, பெட்டி வாடகை இவ்வளவு, வரி இவ்வளவு. இணைய ரசீதில் வேகம், அளவு, அளவு தாண்டினால் வேகம். இதைக் கட்டாயமாக்க டிராய்க்கு அதிகாரம் இருக்கிறது. ஒரு காலத்தில் 70 ரூபாய் என்று எல்லோருக்கும் புரியும்படி சொன்ன நம் அரசு கேபிளே முதலில் செய்து காட்டலாம்.

அது வரும் வரை நாமே கேட்போம். அடுத்த மாதம் பணம் கட்டும்போது, "தம்பி, இதுல கம்பி வாடகை எவ்வளவு, சேனலுக்கு எவ்வளவு? நான் பார்க்கிற சேனலை மட்டும் தனியா போட்டா எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். சண்டை வேண்டாம், சாதாரணமாகவே கேளுங்கள். நாலு வீடு தள்ளி இருக்கும் அந்த அம்மாவுக்காக நான் கேட்டேன். அந்தத் தம்பி போனிலேயே கணக்குப் போட்டு, கம்பி வாடகையும் இரண்டு சேனலும் வரியும் சேர்த்து 185 ரூபாய் என்று சொன்னார். லைன் கட் ஆகவில்லை. மாதம் 65 ரூபாய் மிச்சம். 1,200 ரூபாயில் வாழ்பவருக்கு அது சிறிய தொகை இல்லை.